எட்டு மணி நேரத் தாலாட்டு

இரவு மணி 11.40. தொட்டில் பக்கத்தில் தலையணைமேல் சாய்த்து வைத்த செல்போனில் வீணை இசை ஓடிக்கொண்டிருக்கிறது. 'எட்டு மணி நேரம் இடைவிடாத தாலாட்டு' என்று அதற்குத் தலைப்பு. மூன்று மாதக் குழந்தை இரண்டு கொட்டாவி விட்டு, விரலைச் சப்பி, இமை தாழ்த்தும் நேரத்தில் திடீரென்று ஒரு நகைக்கடை விளம்பரம் அலறுகிறது. கை கால் இரண்டும் விறைக்கத் துள்ளி விழுந்து, வீட்டையே எழுப்புகிறது குழந்தை. விளம்பரம் வராமலிருக்கச் சந்தா கட்டிவிடலாமா என்கிறார் அப்பா. வீணையை நிறுத்திவிட்டு மோட்சார்ட் போட்டுப் பார்க்கலாமா என்கிறார் அம்மா. உள்ளறையிலிருந்து பாட்டியின் குரல் வருகிறது: "அந்தக் கருமத்தை அணைச்சுட்டுப் புள்ளைய எங்கிட்ட குடுடி!"

கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் இந்தக் காட்சிக்குப் பஞ்சமில்லை. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாளே செல்போனில் தாலாட்டுப் பட்டியல் தயாராகிவிடுகிறது. நீலாம்பரி கேட்டால் தூக்கம், மோட்சார்ட் கேட்டால் மூளை என்று ஆளுக்கொரு சிபாரிசு. சாஸ்திரிய இசை குழந்தையைத் தூங்க வைக்குமா? வைக்கும் என்றால், எது வைக்கிறது: ராகமா, வாத்தியமா, பாடும் ஆளா? விடிய விடிய ஓடவிட்டால் காதுக்கு ஒன்றும் ஆகாதா?

மோட்சார்ட் மயக்கம்

முதலில் அந்த மூளை விவகாரத்தை முடித்துவிடுவோம். 1993-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் ஒரே பக்க அளவில் ஒரு கட்டுரை வந்தது. கலிஃபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களுக்கு மோட்சார்ட்டின் இரு பியானோ சொனாட்டாவை 10 நிமிடம் போட்டுக் காட்டினார்கள். பிறகு வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் ஒரு சோதனை. மௌனமாக உட்கார்ந்திருந்தபோது வாங்கியதைவிட 8, 9 புள்ளிகள் அதிகம் வந்தன. அந்தப் பலனும் 10, 15 நிமிடங்களில் மறைந்துபோனது. ஆய்வு அவ்வளவுதான். அதில் கைக்குழந்தை ஒன்றுகூட இல்லை, தூக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சாஸ்திரிய இசை வட்டு ஒன்றை இலவசமாகத் தர 1,05,000 டாலர் கேட்டார். சட்டமன்றத்திலேயே பீத்தோவனை ஒலிக்கவிட்டு உறுப்பினர்களை அசத்தப் பார்த்தார். அதே மாநிலத்தில் 1996-இல் ஓர் அம்மா வீட்டிலேயே தொடங்கிய 'பேபி ஐன்ஸ்டைன்' வீடியோ வியாபாரம் வளர்ந்து, 2001-இல் டிஸ்னி கைக்குப் போனது. இதற்கிடையே 1999-இல் அதே 'நேச்சர்' இதழில் பழைய ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தவர்கள், சொல்லும்படியாக ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். குழந்தைகள் நலனுக்காகப் போராடிய அமைப்புகளின் நெருக்கடிக்குப் பிறகு, 2009-இல் அந்த வீடியோக்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக டிஸ்னி அறிவித்தது. அங்கே காசு வாபஸ் ஆகிவிட்டது. இங்கே அந்த நம்பிக்கை மட்டும் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நீலாம்பரி என்ன தூக்க மாத்திரையா?

நம் பக்கத்து நம்பிக்கை இதைவிடப் பழையது, அழகானதும்கூட. சங்கராபரணத்தின் ஜன்யமான நீலாம்பரியைத் தூக்கத்தின் ராகம் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். ராமனை ஊஞ்சலில் ஆட்டும் தியாகராஜரின் 'உய்யால லூகவய்யா' இந்த ராகம்தான். குலசேகராழ்வார் கோசலையின் குரலில் ராமனுக்குப் பாடிய தாலாட்டையும் கச்சேரி மேடைகளில் பெரும்பாலும் நீலாம்பரியில்தான் கேட்கிறோம். தேவாரப் பண்களில் இதற்கு இணையாகச் சொல்லப்படுவது மேகராகக்குறிஞ்சி. மழை வேண்டிப் பாடும் பதிகங்களும் அந்தப் பண்ணில் அமைந்தவையே. மேகத்தை வரவழைக்கவும் அதே பண், குழந்தையை உறங்க வைக்கவும் அதே ராகம்!

தாலாட்டு நீலாம்பரியோடு நிற்கவுமில்லை. திருவிதாங்கூரில் 1813-இல் பிறந்த சுவாதித் திருநாளுக்காக இரயிம்மன் தம்பி இயற்றிய 'ஓமனத்திங்கள் கிடாவோ' குறிஞ்சியிலும் நவரோஜிலும் பாடப்படுகிறது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 2012-இல் வந்த 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு பாம்பே ஜெயஸ்ரீ எழுதிப் பாடிய தமிழ்த் தாலாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனபோது, அது இந்தப் பாட்டின் சாயல் என்று கேரளத்திலிருந்து புகார் கிளம்பியது. ஜெயஸ்ரீ மறுத்தார். ஒரு தாலாட்டுக்காக இரண்டு மாநிலங்கள் தூக்கம் கெட்டது அப்போதுதான்.

ஆனால் ஒன்றை உடைத்துச் சொல்ல வேண்டும். ராகத்தின் பெயர் குழந்தைக்குத் தெரியாது. நீலாம்பரி குழந்தைக்கு ஏன் தோதுப்படுகிறது என்று பார்த்தால், அது அவசரப்படாத ராகம். வளைந்து வளைந்து போகும், ஒரு பிடியை விட்டு அடுத்த பிடிக்கு அசைந்தபடியே இறங்கும், துரித கால ஸ்வரங்களுக்கு அவ்வளவாக இடம் கொடுக்காது. இந்தக் குணங்களைக் கிராமத்து ஆராரோவிலும் கேட்கலாம். மூன்று நான்கு சுரங்களுக்குள் சுற்றி வரும் மெட்டு, நெடில் எழுத்தில் இழுத்து நிற்கும் வாய், ஒவ்வொரு அடியும் மேலிருந்து கீழே இறங்கி முடிவது, சொன்னதையே திரும்பச் சொல்வது, தொட்டில் போய் வரும் நேரத்தோடு ஒத்துப்போகும் தாளம். 1868-இல் பிராம்ஸ் தன் தோழி பெர்த்தா ஃபாபருக்கு இரண்டாவது மகன் பிறந்தபோது எழுதிக் கொடுத்த தாலாட்டும், மூன்று மூன்றாக ஆடும் நடையில்தான் இருக்கிறது. பெர்த்தா இளவயதில் அவரிடம் பாடிக் காட்டிய ஒரு நாட்டுப்பாடலின் மெட்டைப் பியானோப் பகுதிக்குள் பொதிந்து வைத்தார் பிராம்ஸ். குழந்தைக்குப் பாட்டு, அம்மாவுக்கு ஞாபகம்.

ஆகவே 'சாஸ்திரிய இசை நல்லது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. கச்சேரிப் பதிவு ஒன்றைத் தாலாட்டாகப் போடுகிறவர்கள் கவனிக்கட்டும். ஆலாபனையில் சொக்கிப்போன குழந்தை, கல்பனா ஸ்வரம் வேகமெடுக்கும்போது கண் விழிக்கும். அதையும் தாண்டித் தூங்கிவிட்டால், எழுப்பிவிடுவதற்கென்றே வரிசையில் நிற்கின்றன தனி ஆவர்த்தனமும் கைதட்டலும்.

சோதனைச் சாலையில் ஆராரோ

குழந்தைகளும் பாட்டும் பற்றி ஆராய்ச்சிகள் நிறைய வந்துவிட்டன. அவற்றில் சில, நம் பாட்டிமார் பக்கம் பேசுகின்றன.

கருவில் இருக்கும் சிசு ஆறாம் மாதவாக்கில் ஒலி கேட்கத் தொடங்குகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளை 1980-இல் அமெரிக்காவில் இருவர் சோதித்தார்கள். வாயில் ஒரு ரப்பர் காம்பு, காதில் ஒலி. ஒரு விதமாகச் சப்பினால் தன் அம்மாவின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல். அம்மாவின் குரல் எப்படிச் சப்பினால் வருகிறது என்பதைக் கண்டுபிடித்து, அப்படியே சப்பின அந்தச் சிசுக்கள்!

கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில் 2016-இல் வெளியான ஆய்வு வேறு கேள்வியைக் கேட்டது. ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகள், மங்கலான அறை, அம்மா கண்ணில் படாமல் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். பேச்சைக் கேட்ட குழந்தைகள் ஏறக்குறைய நான்கு நிமிடத்தில் முகம் சுளித்து அழத் தயாரானார்கள். கொஞ்சிப் பேசினாலும் பெரிய வித்தியாசமில்லை. பாட்டைக் கேட்டவர்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் தாக்குப் பிடித்தார்கள். பாடப்பட்டது துருக்கி மொழிப் பாட்டு. அந்த மொழியைக் குழந்தைகள் அதற்குமுன் கேட்டதே இல்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வில் 144 குழந்தைகளுக்குப் பல நாட்டுத் தாலாட்டுகளையும், தாலாட்டு அல்லாத பாட்டுகளையும் போட்டார்கள். எல்லாமே முன்பின் அறியாத மொழிகள். தாலாட்டு ஒலித்தபோது குழந்தைகளின் இதயத் துடிப்பு கூடுதலாகத் தணிந்தது. ஆக, தாலாட்டில் ஏதோ இருக்கிறது. அது மோட்சார்ட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, நீலாம்பரிக்கு மட்டும் சொந்தமில்லை.

எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுவது 2013-இல் வந்த ஆய்வு. அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த குறைமாதக் குழந்தைகள் 272 பேர். இவர்களுக்கு ஒலிநாடா போடவில்லை. பயிற்சி பெற்ற இசை சிகிச்சையாளர் இன்குபேட்டர் பக்கத்தில் நின்று, குழந்தையின் மூச்சைப் பார்த்துப் பார்த்து நேரடியாக வாசித்தார். கருவறைச் சலசலப்பைப் போல ஒலிக்கும் ஒரு வட்டக் கருவி, இதயத் துடிப்பைப் போலத் தட்டும் ஒரு மரப்பெட்டி, அப்புறம் ஒரு பாட்டு. எந்தப் பாட்டு என்பதைப் பெற்றோரே சொல்லலாம். அவர்கள் எந்தப் பாட்டைச் சொன்னாலும் அதை மெதுவாக்கி, தாலாட்டு நடைக்கு மாற்றிப் பாடினார்கள். இதயத் துடிப்பு சீரானது. வட்டக் கருவி தூக்கத்துக்கு உதவியது. வீட்டுப் பாட்டு, பால் சப்பிக் குடிப்பதற்கு உதவியது. பெற்றோரின் பதற்றமும் குறைந்தது.

இங்கே ஒரு 'ஆனால்' உண்டு. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அளந்தது குழந்தையின் அமைதியை, அதுவும் சில நிமிடங்களுக்கு. அமைதியானால் தூக்கத்துக்கு வழி பிறக்கும், சரி. இரவு முழுக்க இசை ஓடினால் குழந்தை இரவு முழுக்கத் தூங்கும் என்று இவை எதுவும் சொல்லவில்லை. எட்டு மணி நேர வீடியோ விற்பவர்கள் தாண்டிக் குதிப்பது இந்த இடத்தைத்தான்.

▐ பெட்டிச் செய்தி: எவ்வளவு தூக்கம்?

ஒரு நாளைக்கு, பகல் தூக்கமும் சேர்த்து, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கு:
0 – 3 மாதம்: 14 முதல் 17 மணி நேரம்
4 – 11 மாதம்: 12 முதல் 16 மணி நேரம்
1 – 2 வயது: 11 முதல் 14 மணி நேரம்
இரண்டு வயது நிறையும்வரை செல்போன், டிவி திரை வேண்டாம் என்பது அதே அறிக்கை. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் அதையேதான் சொல்கிறது. இரவு எது, பகல் எது என்ற உடல் கடிகாரமே சுமார் மூன்று மாதத்தில்தான் உருவாகத் தொடங்குகிறது. அதற்கு முன் 'ராத்திரி தூங்கவே மாட்டேங்குது' என்பது குழந்தையின் குற்றமல்ல.

காதுக்குப் பக்கத்தில் ஒரு சந்தை

இப்போது, பெற்றோர் அதிகம் யோசிக்காத விஷயம்: சத்தம். 2014-இல் குழந்தைகளைத் தூங்க வைக்கும் ஒலிக் கருவிகள் 14-ஐ வாங்கி அளந்து பார்த்தார்கள். முழுச் சத்தத்தில் வைத்து ஒரு அடி தூரத்தில் அளந்தபோது, எல்லாமே மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்படும் 50 டெசிபல் அளவைத் தாண்டின. மூன்று கருவிகள் 85 டெசிபலையும் தாண்டின. வளர்ந்தவர்கள் எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்தில் வேலை செய்தாலே காதுக்கு ஆபத்து என்று தொழிலாளர் பாதுகாப்பு விதி இருக்கிறது. தொட்டிலில் கிடப்பதோ எழுந்து வெளியே போக முடியாத உயிர்.

செல்போன் அந்தக் கருவிகளில் ஒன்றல்ல என்று தேற்றிக்கொள்ள வேண்டாம். தலைமாட்டில் வைத்த ஸ்பீக்கர் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். தூரமும் அளவும் நேரமும்தான் முக்கியம். குறைந்தது ஆறேழு அடி தள்ளி வையுங்கள். அறையில் மெதுவாகப் பேசும் குரல் அந்தப் பாட்டுக்கு மேல் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் சத்தம் அதிகம். குழந்தை கண்ணயர்ந்ததும் அணைத்துவிடுங்கள். செல்போனைத் தூளிக்குள்ளேயே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சத்தம், சூடாகும் பேட்டரி, முகத்தில் விழும் வெளிச்சம் என்று மூன்று தப்பும் அதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

தூளி என்றதும் இன்னொன்று. பழைய பருத்திச் சேலையின் மெத்தென்ற கதகதப்புக்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் அண்ணனோ அக்காவோ அதே தூளியில் விளையாடப் போய்ச் சேலை கழுத்தில் சுற்றிய செய்திகள் நாளிதழ்களில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. தூளி காலியானால் சேலையை எடுத்து மேலே முடிந்து போடுவது அந்தக் கால வீடுகளின் வழக்கம். அதை விட்டுவிடாதீர்கள். ஆட்டித் தூங்க வைத்தபிறகு, சமமான கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள்.

இரண்டு மணிக்கு யார் பாடுவது?

பெரிய சிக்கல் நள்ளிரவில் வருகிறது. எந்தக் குழந்தையும் இரவில் சில முறை லேசாக விழித்து, மறுபடி தூங்கும். தூங்கப் போனபோது என்ன இருந்ததோ, விழித்தபோதும் அது இருக்கிறதா என்று தேடும். வீணையோடு தூங்கிய குழந்தை இரண்டு மணிக்கு வீணையைக் கேட்கும். அதனால்தான் எட்டு மணி நேர வீடியோ தேவைப்படுகிறது. தேவையை உண்டாக்கிவிட்டுத் தீர்வையும் அதுவே விற்கிறது. பயணத்தில் சார்ஜ் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை, இரவு ரயிலில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. பாட்டை, தூங்கப் போவதற்கு முன்வரும் சடங்காக வையுங்கள். விளக்கைக் குறைத்து, உடம்பு துடைத்து, பால் கொடுத்து, ஏப்பம் எடுத்து, ஒரே பாட்டு, தினமும் அதே வரிசையில். அடுத்து என்ன வரும் என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அரைத் தூக்கத்தில் இருக்கும்போதே படுக்கையில் விட்டுவிட்டுத் தட்டிக் கொடுத்தால், மிச்சத் தூரத்தைத் தானே கடக்க மெல்லப் பழகும். நாலைந்து மாதத்துக்குக் கீழே இதையெல்லாம் பிடிவாதமாகச் செய்ய வேண்டாம், அந்த வயதில் தூக்கிக்கொள்வதுதான் வைத்தியம்.

தூக்கிக்கொள்வதற்கும் ஒரு கணக்கு கிடைத்திருக்கிறது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2022-இல் 21 குழந்தைகளை வைத்துப் பார்த்தது. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் 5 நிமிடம் நட. தூங்கிவிட்டால் உடனே கீழே விடாதே, மடியில் வைத்து 5 முதல் 8 நிமிடம் உட்கார். அப்புறம் படுக்க வை. முதுகு படுக்கையைத் தொடுவதால் குழந்தை விழிப்பதில்லை, அம்மாவின் உடம்பை விட்டு விலகத் தொடங்கும் கணத்திலேயே அதன் இதயத் துடிப்பு எகிறுகிறதாம். தோளில் போட்டுக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்த பாட்டிமார் இதைக் கருவி வைத்து அளக்கவில்லை, அவ்வளவுதான்.

பாட்டு யாருக்கு?

நாட்டுப்புறத் தாலாட்டைச் சேகரித்தவர்கள் கவனித்த ஒன்று உண்டு. அந்தப் பாட்டுகளில் குழந்தையைவிட அம்மாதான் அதிகம் இருக்கிறாள். தாய்மாமன் கொண்டுவரும் சீர், அத்தையின் குத்தல், வெளியூர் போன புருஷன், வராத மழை என்று பகலில் வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் ராகம் போட்டுச் சொல்லிவிடலாம். கேட்கிற ஆள் மாமியாரிடம் போய்ப் போட்டுக் கொடுக்கப்போவதில்லை. 1966-இல் வந்த 'சித்தி' படத்தில் பி.சுசீலா பாடிய தாலாட்டு இதைத்தான் செய்தது. தூங்கு மகளே, இதற்குமேல் எந்த வயதிலும் உனக்குத் தூக்கம் கிடைக்காது என்று ஒரு பெண்ணின் ஆயுளையே கண்ணதாசன் அதில் எழுதினார். பாரதிதாசனோ ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் தனித்தனித் தாலாட்டு எழுதி, பகுத்தறிவைத் தொட்டிலிலேயே ஊட்டப் பார்த்தார்.

பாடுவது அம்மாவுக்கு என்ன செய்யும்? லண்டனில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த 134 தாய்மார்களை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வந்தது. சிலர் குழந்தையோடு 10 வாரம் கூடி உட்கார்ந்து பாடினார்கள், சிலர் பாட்டு இல்லாமல் விளையாடினார்கள், சிலருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். நடுத்தரம் முதல் கடுமையான சோர்வில் இருந்தவர்களில், பாடியவர்கள் முதல் ஆறு வாரத்துக்குள் சீக்கிரமாகத் தேறினார்கள். தாலாட்டைச் செல்போனிடம் ஒப்படைக்கும்போது நாம் இழப்பது இதையும் சேர்த்துத்தான்.

அதே சமயம், இரவில் நான்கு தடவை எழுந்து, காலையில் சமைத்து, ஒன்பது மணிக்கு லேப்டாப் திறக்கும் பெண்ணிடம் போய் 'நீயே பாடு' என்று உபதேசம் செய்வது அநியாயம். பாட்டியும் கிடையாது, பக்கத்து வீட்டு அக்காவும் கிடையாது என்கிற அடுக்குமாடியில் அந்தச் செல்போன் அவருக்கு ஒரு கை. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் கணவருக்கும் தொண்டை இருக்கிறது. ஹார்வர்டு ஆய்வில் எந்தத் தாலாட்டையும் குழந்தைகள் முன்பே கேட்டதில்லை, ஆனாலும் அமைதியானார்கள். ஆகவே அம்மா குரல்தான் வேண்டும் என்ற சாக்கு அப்பாக்களுக்குச் செல்லாது. சுருதி சேராவிட்டால் என்ன? மார்பில் சாய்ந்திருக்கும் குழந்தைக்குக் கட்டைக் குரலின் அதிர்வும் சேர்ந்தே கிடைக்கிறது. வரி தெரியாவிட்டால் இளையராஜா பாட்டை முனகினாலும் போதும், மெதுவாக முனக வேண்டும்.

▐ பெட்டிச் செய்தி: பதிவு செய்த இசைதான் வழி என்றால்...

• குரல் அல்லது ஒரே வாத்தியம். புல்லாங்குழல், வீணை, கோட்டுவாத்தியம் ஏதாவது ஒன்று. மிருதங்கம், தவில் வேண்டாம்.
• தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே காலப்பிரமாணம்.
• முன்பே தரவிறக்கிய பாட்டு. நடுவில் விளம்பரம் வரக்கூடாது. திரை கவிழ்ந்திருக்கட்டும்.
• 20 நிமிடத்தில் தானே அணையும்படி டைமர்.
• அம்மா, அப்பா, பாட்டி குரலில் பதிவு செய்த பாட்டு இருந்தால் அதுவே முதல் தேர்வு. வெளிநாட்டில் பேரன் பேத்தி இருக்கும் தாத்தா பாட்டிகள் இதைச் செய்து அனுப்பலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாட்டுக்கு அடங்காத அழுகையும் உண்டு. மூன்று மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கு உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகக் கீச்சென்று அழுதுகொண்டே இருந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, எந்த ராகத்தையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த இரவே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.